கேபிளை கட் பண்ணலாமா, நெட் டி.வி.க்கு மாறலாமா? கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வீடுகளுக்கு ஒரு கணக்கு

கும்மிடிப்பூண்டி:

சிப்காட்டில் 'பி' ஷிப்ட் முடித்து ராத்திரி 11 மணிக்கு வீடு திரும்புகிறார் ஒரு தொழிலாளி. கதவு இடுக்கில் ஒரு நோட்டீஸ் செருகியிருக்கிறது. "கேபிள் எதற்கு? ஒரே ஒயரில் நெட், டி.வி., சினிமா எல்லாம்! இன்றே இணையுங்கள்!"

சாப்பாடு போடும்போதே மனைவி ஆரம்பிக்கிறார். "என்னங்க, எதிர் வீட்ல மாத்திட்டாங்களாம். நாமளும் மாத்திடலாமா?"

மூலையில் படுத்திருக்கும் ஆயா தலையைத் தூக்கி, "எனக்கு சீரியல் வந்தா போதும்டா. ரிமோட்டை மாத்தித் தொலைச்சிடாதீங்க" என்கிறார்.

புதுகும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் பக்கமும் சரி, திருவள்ளூர், காக்களூர், மணவாளநகர் பக்கமும் சரி, பல வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பது இதே பேச்சுதான். மாசம் 200, 300 ரூபாய் விஷயம்தானே என்று தோன்றும். கான்டிராக்ட் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது பால் காசு, பிள்ளையின் டியூஷன் பீஸ். அவசரப்பட்டு மாறிவிட்டு, ஆறு மாசப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு முழிக்கக் கூடாது. அதனால்தான் இந்தக் கணக்கு.

நாடு முழுக்க நடக்கும் மாற்றம்

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2022 ஜூலை மாதம் முதல் முறையாக கேபிளை விட இண்டர்நெட் வழியாக டி.வி. பார்த்த நேரம் அதிகமானது. 2025 மே மாதத்தில் கேபிளையும் சாதாரண ஒளிபரப்பையும் கூட்டினால் கூட நெட் டி.வி. அதைத் தாண்டிவிட்டது.

நம் நாட்டிலும் காற்று அந்தப் பக்கம்தான் வீசுகிறது. மாடியில் குடை வைத்துப் பார்க்கும் கட்டண டி.டி.எச். இணைப்புகள் 2021 மார்ச்சில் சுமார் 6 கோடியே 95 லட்சம் இருந்தன. 2025 மார்ச்சில் அது சுமார் 5 கோடியே 69 லட்சமாகக் குறைந்துவிட்டது. டிராய் கொடுத்த கணக்கு இது.

பி.எஸ்.என்.எல். தன் பைபர் இணைப்பில் டி.வி. சேனல் கொடுக்கும் சேவையை 2024 அக்டோபரில் ஆரம்பித்தபோது, முதலில் இறக்கிய இரண்டு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மற்றொன்று மத்தியப் பிரதேசம். ஏர்டெல் 2025 மார்ச்சில் 2 ஆயிரம் நகரங்களில் இந்தச் சேவையைத் தொடங்கியது. ஜியோ 2019 செப்டம்பரிலேயே பைபர் இணைப்பைக் கொண்டு வந்துவிட்டது.

ஊரே மாறுகிறது என்பதற்காக நாமும் மாற வேண்டும் என்று சட்டம் இல்லை. நம் வீட்டுக்கு லாபமா என்பதுதான் கேள்வி.

70 ரூபாயில் இருந்து 153 ரூபாய் வரை

தமிழ்நாட்டில் கேபிள் கட்டணம் எப்போதும் அரசியல் வரைக்கும் போகிற விஷயம். 2003 செப்டம்பரில் சென்னையில் மட்டும், பாக்ஸ் வைத்தால்தான் கட்டண சேனல் தெரியும் என்ற முறை வந்தது. அப்போது பாக்ஸ் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். பலர் இலவச சேனலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

2006-ல் இலவச கலர் டி.வி. திட்டம் தொடங்கியது. குடிசை வீட்டிலும் டி.வி. வந்தது. டி.வி. வந்தால் கேபிளும் வரும்தானே. 2007-ல் அரசு கேபிள் நிறுவனம் உருவானது. 2011 செப்டம்பரில் அது மறுபடி உயிர் பெற்றபோது மாதக் கட்டணம் 70 ரூபாய்தான். 2017-ல் டிஜிட்டல் ஆனபோது 125 ரூபாய், வரி தனி.

2019 பிப்ரவரியில் டிராய் புது விதி கொண்டுவந்தது. 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டண சேனல் வேண்டும் என்றால் அதற்குத் தனியாகப் பணம். 2020-ல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று மாற்றினார்கள். 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். இப்போது அடிப்படைக் கட்டணத்தை நிறுவனமே முடிவு செய்யலாம். அதனால்தான் ஒரு தெருவில் ஒரு ரேட், அடுத்த தெருவில் வேறு ரேட்.

நெட் டி.வி. என்றால் மூன்று வகை

'நெட் டி.வி.' என்ற ஒரே பெயரில் மூன்று சரக்கு விற்கிறார்கள். குழம்பினால் நஷ்டம் நமக்குத்தான்.

முதல் வகை, ஐ.பி.டி.வி. நெட் கொடுக்கும் கம்பெனியே ஒரு பாக்சும் கொடுக்கும். சன், விஜய், ஜீ தமிழ், கலைஞர் என்று கேபிளில் பார்ப்பது போலவே சேனல் நம்பர் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஓ.டி.டி. ஆப். சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார், ஜீ5 போன்றவை. எந்தக் கம்பெனி நெட்டாக இருந்தாலும் ஓடும். சீரியலையும் படத்தையும் நினைத்த நேரத்தில் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி சந்தா.

மூன்றாவது, நம்ம கேபிள் ஆபரேட்டரே கொடுக்கும் நெட். கேபிள்காரர்கள் பலர் இப்போது பைபர் நெட்டும் சேர்த்து இழுத்துக் கொடுக்கிறார்கள். நோட்டீசைப் பார்த்து போன் போடும் முன், "தம்பி, நம்மகிட்ட கேபிளும் நெட்டும் சேர்த்து என்ன ரேட்டு?" என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இது போக, "ஆயிரம் சேனல், வருஷத்துக்கு 500 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் வருவது திருட்டு சரக்கு. இன்று ஓடும், நாளை நிற்கும். பணத்தைத் திருப்பிக் கேட்க ஆள் இருக்காது.

பேப்பர், பேனா எடுங்க

கீழே உள்ளவை உதாரணத்துக்குப் போட்ட தொகை. உங்கள் வீட்டு ரேட்டைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வீடு: இதுவரை நெட் இணைப்பே இல்லை. கேபிளுக்கு மாசம் 250 ரூபாய். கணவன், மனைவி இரண்டு செல்போனுக்கும் தலா 300 ரூபாய் ரீசார்ஜ். ஆனால் அது 28 நாள்தான் என்பதால் வருஷத்துக்கு 12 இல்லை, 13 தடவை போட வேண்டும். ஆக ஒரு போனுக்கு மாசம் 325 ரூபாய். இரண்டு போன் 650, கேபிள் 250. மொத்தம் 900 ரூபாய்.

இதே வீடு நெட் டி.வி.க்கு மாறினால்? விளம்பரத்தில் 600 ரூபாய் என்று இருக்கும். 18 சதவீத வரி சேர்த்தால் 708. வீட்டில் வைபை வந்துவிட்டதால் போனுக்கு 200 ரூபாய் ரீசார்ஜ் போதும் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு போனுக்கு மாசம் சுமார் 433 ரூபாய். மொத்தம் 1,141. மாசம் 241 ரூபாய் கூடுதல் செலவு!

இரண்டாவது வீடு: பிள்ளை படிப்புக்கென்று ஏற்கனவே நெட் இருக்கிறது. அதற்கு வரியோடு 471 ரூபாய். கேபிள் 250. இரண்டும் சேர்த்து 721. இந்த வீடு 708 ரூபாய் நெட் டி.வி. திட்டத்துக்கு மாறினால் 13 ரூபாய் மிச்சம். ஏறக்குறைய அதே செலவு.

மூன்றாவது வீடு: நெட் இருக்கிறது. டி.வி.யில் பார்ப்பது யூடியூப்பும், ஒரே சேனலின் சீரியலும்தான். இவர்கள் கேபிளை நிறுத்திவிட்டு, மாசம் 100 ரூபாய்க்குள் வரும் ஒரு ஆப் வாங்கினால் மொத்தம் 571 ரூபாய். கேபிளும் நெட்டும் வைத்திருந்ததை விட 150 ரூபாய் லாபம்.

இதில் தெரிவது என்ன? நெட் எப்படியும் தேவைப்படும் வீட்டுக்கு மாறுவது லாபம், அல்லது சமம். டி.வி. பார்ப்பதற்காக மட்டும் புதிதாக நெட் போடும் வீட்டுக்கு அது செலவுதான்.

இன்னொரு விஷயம். நெட் பேக் இல்லாமல் பேச மட்டும் ரீசார்ஜ் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. அதன்படி செல்போன் கம்பெனிகள் அப்படிப்பட்ட பேக் விடுகின்றன. ஆயாவின் பட்டன் போனுக்கு டேட்டா பேக் எதற்கு? அதைக் கேட்டு வாங்கினாலே கொஞ்சம் மிச்சமாகும்.

செல்போன் ஹாட்ஸ்பாட் போதாதா?

போதாது. நல்ல தெளிவான எச்.டி. படம் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 3 ஜி.பி. வரை தின்னும். தினம் 2 ஜி.பி. பேக் போட்டிருந்தால் 40 நிமிஷத்தில் காலி. ஒரு சீரியல் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும்போது வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். சாதாரண தரத்தில் வைத்தாலும் இரண்டு, மூன்று மணி நேரம்தான்.

தினம் 4 மணி நேரம் எச்.டி. பார்க்கும் வீட்டுக்கு மாசம் 360 ஜி.பி. வேண்டும். அதற்கு வீட்டுக்குள் வரும் பைபர் இணைப்புதான் சரிப்படும்.

ஷிப்ட் ஆளுக்கு நெட் டி.வி. வசதி

நெட் டி.வி.க்கு உண்மையான பிளஸ் பாயிண்ட் ஒன்று இருக்கிறது. அது நேரம்.

'ஏ' ஷிப்ட் ஆள் விடியற்காலையில் கிளம்பணும். 'பி' ஷிப்ட் ஆளுக்கு ராத்திரி 8 மணி சீரியலும் கிடையாது, நியூசும் கிடையாது. 'சி' ஷிப்ட் ஆள் பகலில் தூங்கி எழுந்தால் ஓடுவது பழைய படம். கேபிளில் ஓடும்போது பார்த்தால்தான் உண்டு. ஆப்பில் அப்படி இல்லை. நேற்று ராத்திரி விட்டதை இன்று மத்தியானம் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டியில் இருந்து மூர்மார்க்கெட் போகும் ரெயிலில் உட்கார்ந்தும் பார்க்கலாம்.

கிரிக்கெட்டில் மட்டும் ஒரு சின்ன வயிற்றெரிச்சல். நெட்டில் படம் சில விநாடி தாமதமாக வரும். பக்கத்து வீட்டு கேபிளில் சிக்சர் என்று கத்திவிடுவார்கள். நம் டி.வி.யில் பவுலர் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருப்பார்.

இலவசம் என்று வருவது நிலைக்காது என்பதையும் கிரிக்கெட்டே சொல்லிக்கொடுத்தது. 2023, 2024-ல் ஐ.பி.எல். ஆட்டங்களை செல்போனில் இலவசமாகக் காட்டினார்கள். 2025-ல் சந்தாவோ, குறிப்பிட்ட ரீசார்ஜோ இருந்தால்தான் முழுசாகப் பார்க்க முடியும் என்று ஆகிவிட்டது.

லைன் வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

சிப்காட்டைச் சுற்றி வாடகை லைன் வீடுகள் அதிகம். ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநில ஆட்கள் ஒரே ரூமில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கிறார்கள். ஆந்திர எல்லையான ஆரம்பாக்கம் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளும் உண்டு.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதலில் வீட்டு ஓனரிடம் கேட்க வேண்டும். சுவரில் துளை போட, ஒயர் இழுக்க சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இணைப்பு யார் பெயரில், அட்ரஸ் புரூப் எது என்ற பிரச்சினையும் வரும்.

அடுத்தது அட்வான்ஸ். "ஆறு மாசம் மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம்" என்பார்கள். மாசம் 708 என்றால் ஆறு மாசத்துக்கு 4,248 ரூபாய். கான்டிராக்ட் முடிந்து மூன்றாவது மாசமே ஸ்ரீபெரும்புதூருக்கோ ஓசூருக்கோ போக வேண்டி வந்தால்? அந்த ஏரியாவில் அந்தக் கம்பெனி ஒயர் இல்லை என்றால் பணம் முடங்கிவிடும். வேலை நிரந்தரம் இல்லாதவர்கள் மாசா மாசம் கட்டும் திட்டமே எடுப்பது நல்லது. ரேட் கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை.

கேபிளில் ஒரு சவுகரியம் உண்டு. "சம்பளம் 10-ம் தேதிதான் வரும் தம்பி, அப்புறம் தர்றேன்" என்றால் தெரிந்த ஆபரேட்டர் பல நேரம் விட்டுப்பிடிப்பார். கம்பெனி நெட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நாள் முடிந்தால் தானாக நின்றுவிடும். ராத்திரி 12 மணிக்கு யாரிடம் போய் தவணை கேட்பது?

கரண்ட் போனால், புயல் அடித்தால்...

நம்ம மாவட்டத்துக்கு மழையும் புயலும் புதுசு இல்லை. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது கம்பமும் ஒயரும் சாய்ந்தன. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழையில் தண்ணீரும் தேங்கியது, கரண்டும் போனது.

கேபிள், பைபர் இரண்டுமே தெருக் கம்பத்தில் தொங்கும் ஒயர்தான். உயரமாக லோடு ஏற்றிய லாரி சிக்கி இழுத்துவிட்டால் எதுவாக இருந்தாலும் போச்சு. வித்தியாசம் என்னவென்றால், கேபிள் அறுந்தால் டி.வி. மட்டும்தான் போகும். எல்லாவற்றையும் ஒரே ஒயரில் வைத்திருந்தால் டி.வி., நெட், பிள்ளையின் ஆன்லைன் கிளாஸ் எல்லாம் ஒன்றாகப் போகும்.

கரண்ட் விஷயத்திலும் கவனம் தேவை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் டி.வி.யோடு மோடத்தையும் அதில் சேர்க்க வேண்டும். மோடத்துக்கு மட்டும் சின்ன யு.பி.எஸ். கடையில் கிடைக்கிறது.

கேபிள் பக்கமும் சிக்கல் இல்லாமல் இல்லை. 2022 நவம்பரில் அரசு கேபிள் பாக்ஸ்கள் மென்பொருள் கோளாறால் பல மாவட்டங்களில் சில நாட்கள் ஓடாமல் நின்றது பலருக்கு நினைவிருக்கும்.

உங்க டி.வி. என்ன டி.வி.?

அரசு கொடுத்த 14 இஞ்ச் டி.வி. இன்னும் ஓடுகிற வீடு உண்டு. அதில் பின்பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் மட்டும்தான். புது நெட் பாக்சுகள் பல எச்.டி.எம்.ஐ. ஒயர் கேட்கும். அதற்குத் தனியாக கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். "மாசம் 50 ரூபாய் மிச்சம்" என்று மாறிவிட்டு, 10 ஆயிரம் ரூபாய்க்கு ஸ்மார்ட் டி.வி. தவணையில் எடுத்தால் அந்தக் காசு திரும்பி வர 200 மாசம். அதாவது 16 வருஷத்துக்கு மேல்!

கடைசியாக ஆயா பிரச்சினை. இதைச் சிரித்துத் தள்ள வேண்டாம். பகல் முழுக்க வீட்டில் டி.வி. பார்ப்பது அவர்தான். ஆப்பைத் திறந்து, படத்தைத் தேடி, அம்பு பட்டனை அமுக்குவது அவருக்குச் சிரமம். சேனல் நம்பர் அமுக்கினால் படம் வரும் ஐ.பி.டி.வி. பாக்ஸ் என்றால் சமாளிப்பார். வெறும் ஆப் மட்டும் என்றால் வேலைக்குப் போன பிள்ளைக்கு "டேய், படம் வரலடா" என்று தினம் போன் வரும்.

கோவில் திருவிழா, ஊர் விசேஷம் காட்டும் உள்ளூர் கேபிள் சேனலும் கம்பெனி நெட் பாக்சில் வராது. திருவள்ளூர் வீரராகவர் கோவில் தெப்பமோ, சிறுவாபுரி முருகன் கோவில் விசேஷமோ உள்ளூர் சேனலில் பார்த்துப் பழகியவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. சொல்லும் ரேட்டில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா?

2. ஆபர் முடிந்த பிறகு மாசம் எவ்வளவு?

3. நாங்கள் பார்க்கும் சேனல்கள் எல்லாம் இதில் வருமா? (லிஸ்ட்டை எழுத்தில் வாங்குங்கள்)

4. பாக்சும் மோடமும் எங்களுக்குச் சொந்தமா, திருப்பித் தரணுமா? டெபாசிட் திரும்பக் கிடைக்குமா?

5. வீடு மாறினால் இணைப்பை மாற்றித் தருவீர்களா? அதற்கு என்ன கட்டணம்?

6. ஒயர் அறுந்தால் எத்தனை நாளில் ஆள் வருவார்?

7. இரண்டாவது டி.வி.க்கு எவ்வளவு?

பதிலை வாயால் சொன்னால் போதாது, மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். கேபிளோ, நெட்டோ, ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

ஒரு மாசம் ரெண்டும் ஓடட்டும்

மாறுவது என்று முடிவு செய்தாலும் கேபிளை உடனே கட் பண்ண வேண்டாம். ஒரு மாசம் இரண்டும் ஓடட்டும். அந்த மாசம் 250 ரூபாய் கூடுதலாகப் போகும்தான். ஆனால் அந்த 30 நாளில் எல்லாம் தெரிந்துவிடும். நெட் எத்தனை தடவை நின்றது, ஆயா சமாளித்தாரா, கேபிள் பாக்சை யாராவது தொட்டார்களா என்று காலண்டரில் குறித்து வையுங்கள். ஒருவரும் தொடவில்லை என்றால் தைரியமாக கட் பண்ணலாம். ஆயா தினம் அதைத்தான் போடுகிறார் என்றால் இருக்கட்டும்.

செலவே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தூர்தர்ஷனின் டி.டி. பிரீ டிஷ். குடையும் பாக்சும் ஒரு தடவை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் சன், விஜய் போன்ற தமிழ்க் கட்டண சேனல்கள் அதில் வராது.

அந்த 'பி' ஷிப்ட் தொழிலாளி மனைவிக்கு என்ன பதில் சொல்லலாம்? "எதிர் வீட்ல மாத்தினது அவங்க கணக்கு. நம்ம கணக்கை ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்மா" என்று சொல்லலாம். நோட்டீசின் பின்பக்கம் வெறும் தாளாகத்தான் இருக்கிறது. கணக்கு போட அது போதும்.